விவிலியம் வாசித்த மூவரும் நானும்

பிற சமயத்தாரின் மறைநூலைப் படித்தால் நம் நம்பிக்கை கெட்டுவிடுமா? இக்கேள்வியை என்னிடம் முதலில் எழுப்பியவர் என் தாயார். கிறித்தவத் தமிழ் இலக்கியம் பற்றிய இடுபணிக்காக அறைத்தோழியிடம் விவிலியத்தை இரவல் வாங்கி, விடுமுறையின்போது வீட்டிற்குக் கொண்டு சென்றிருந்தேன். சாமி மேடைக்கு அருகில் கறுப்பு அட்டையுடன் அந்நூல் கிடந்ததைக் கண்ட அம்மா, "என்னம்மா இது? மதம் மாறப் போறியா?" என்றார். "இல்லம்மா, பாடத்துக்கு" என்றேன்.

என் பதில் பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அதற்குள் அந்நூலின் ஒரு பகுதி என்னை உறங்கவிடாமல் செய்திருந்தது. அம்மாவிடம் அன்று சொல்ல முடியாமல் போனதையே இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

தமிழில் விவிலியம்

தமிழ்ப்பள்ளியில் பயின்ற காலத்தில் வீரமாமுனிவரின் பெயரை மனனம் செய்திருக்கிறேன். ஆனால், விவிலியம் தமிழுக்கு வந்த வரலாறு எனக்குத் தெரியாது. செருமானியரான சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சேறியது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு தமிழில்தான் வந்தது என்பது நாம் பெருமையுடன் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். பின்னர் பப்ரிசியஸ் பதிப்பு, பெர்சிவல் பாதிரியாரின் பதிப்பு, 1871இல் பவர் ஐயரின் தலைமையில் உருவான பதிப்பு எனத் திருத்தங்கள் தொடர்ந்தன. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது.

இப்பதிப்புகளை ஒப்பிட்டால் தமிழின் மாற்றமும் புலப்படும். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். பவர் பதிப்பு 'தேவன்' என்றது. 1995ஆம் ஆண்டுப் பதிப்பு 'கடவுள்' என்கிறது. 'சுவிசேஷம்' 'நற்செய்தி' ஆனது. 'கிருபை' 'அருள்' ஆனது. தேவாரம் பாடி வளர்ந்த எனக்கு, 'அருள்' என்ற சொல்லைக் கண்டதும் சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. இங்குதான் வாசகர் விழிப்பாக இருத்தல் வேண்டும். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. சைவம் கூறும் அருளுக்கும் கிறித்தவம் கூறும் அருளுக்கும் பின்னணியில் உள்ள தத்துவங்கள் வேறு வேறு.

மூன்று வாசகர்கள்

இந்நூலை ஆழ்ந்து வாசித்த மூவரைப் பற்றி அறிந்தபோது என் அச்சம் ஓரளவு நீங்கியது.

முதலாமவர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றார். சொல்லுக்குச் சொல் அந்நூலை ஆய்ந்தவர் அவர். ஆயினும் 1848இல் அப்பணியைத் துறந்து, அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் அவர் எழுதிய 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூல், சைவ வழிபாட்டைப் பழித்தோருக்குப் பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாட்டு முறைகளையே சான்று காட்டி மறுமொழி கூறியது. விவிலியம் அவரைச் சைவத்தில் மேலும் உறுதிப்படுத்தியது என்றே கூறலாம்.

இரண்டாமவர் திருநெல்வேலிப் பகுதியில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. சாயர்புரத்தில் கிறித்தவப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் நூலைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. அவர் சமயம் மாறினார். ஆனால் கம்பனிடம் கற்ற தமிழையும் பக்தி மொழியையும் விட்டுவிடவில்லை. 'கிறித்தவக் கம்பர்' என்று அவர் போற்றப்படுவது இதனாலேயே.

மூன்றாமவர் காந்தியடிகள். இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் விவிலியத்தை வாங்கிப் படித்த அனுபவத்தை அவர் தம் சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். பழைய ஏற்பாட்டின் சில பகுதிகள் தமக்கு உறக்கத்தையே வரவழைத்தன என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். ஆனால், மத்தேயு நற்செய்தியில் வரும் மலைப்பொழிவு அவர் உள்ளத்தைத் தொட்டது. அதனைக் கீதையுடன் ஒப்பிட்டுச் சிந்தித்தார். அவர் இந்துவாகவே வாழ்ந்தார். எனினும் மலைப்பொழிவு அவருடைய வாழ்வில் இறுதிவரை உடன் வந்தது.

ஒருவர் தம் நெறியில் உறுதி பெற்றார், ஒருவர் மாறினார், ஒருவர் மாறாமலேயே ஏற்க வேண்டியதை ஏற்றார். மூவரும் வாசித்தது ஒரே நூல்தான். ஆகவே, நூல் மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. வாசிப்பவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்பதும் முக்கியமாகும்.

நான் கொண்டு சென்ற கேள்வி

என் கேள்விக்கு வயது பதினேழு. என் தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, கோயிலில் ஒரு பெரியவர் அம்மாவிடம், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணீங்களோ" என்றார். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால், அன்றிலிருந்து அம்மா விரதங்களைக் கூட்டிக்கொண்டார். தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுத்தார். அவர் வேண்டுதல் செய்கிறாரா, தண்டனை அனுபவிக்கிறாரா என்று எனக்கு விளங்கியதில்லை.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்த இரவில் அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனை இயேசுவும் சீடர்களும் காண்கின்றனர். இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்கின்றனர். கோயிலில் கேட்ட அதே வினா! இயேசுவோ, இருவருமே காரணம் அல்லர் என்று மறுத்துவிடுகிறார். பிறகு அவனுக்குப் பார்வையளிக்கிறார்.

பழைய ஏற்பாட்டின் யோபு நூலும் இதே சிக்கலைப் பேசுகிறது. நேர்மையாளனாகிய யோபு மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழக்கிறான். ஆறுதல் கூற வந்த மூன்று நண்பர்களும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று வாதிடுகின்றனர். நூலின் இறுதியில், கடவுளின் சினம் யோபுவின்மீது அன்று, தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மீதே பாய்கிறது. இதனைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆயினும், நான் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. பார்வையற்றவனிடம் கடவுளின் செயல் வெளிப்படவே அவன் அவ்வாறு பிறந்தான் என இயேசு தொடர்ந்து கூறுவதாக உள்ளது. ஒரு செயலை வெளிப்படுத்த ஒரு குழந்தை ஏன் துன்புற வேண்டும்? என் தோழியிடம் கேட்டேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியலடி. நானும் அந்த இடத்துல நின்னுடுவேன்" என்றாள். அந்த நேர்மைக்காக அவள்மீது என் மதிப்பு உயர்ந்தது.

மீண்டும் என் வீட்டு நூல்களுக்கு

விவிலியம் என்னை என் சொந்த நூல்களிடம் திருப்பி அனுப்பியது. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பற்றிய குறளை இடைநிலைப்பள்ளியில் படித்திருக்கிறேன். அவ்விருவரின் நிலையே அறத்தின் பயனைக் காட்டும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அவ்வாறு சுட்டிக்காட்டிச் சொல்லாதே என்று குறள் கடிவதாகப் பிற்காலத்தார் சிலர் உரை கண்டனர். ஒரே குறளுக்குள் என் கேள்வி இவ்வளவு காலம் இருந்திருக்கிறது!

திருநாவுக்கரசரின் வரலாற்றையும் மீண்டும் படித்தேன். அவரை வாட்டிய சூலை நோய், அவரைத் திருவதிகைக்கு அழைத்து வந்து ஆட்கொள்ள இறைவன் கொண்ட வழியாகவே பெரியபுராணம் காட்டுகிறது. துன்பத்தைத் தண்டனையாக மட்டும் பார்க்காத பார்வை சைவத்திலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தேவாரம் பாடியும் நான் அதைக் கேட்கவில்லை.

வினைக் கொள்கையை நான் கைவிடவில்லை. நான் செய்வதற்கு நானே பொறுப்பு என்று எனக்குச் சொல்லிக்கொள்ள அது தேவை. ஆனால், அடுத்தவரின் துன்பத்தைப் பார்த்து அதனை உச்சரிக்கும் உரிமை எனக்கில்லை. இதுவே விவிலிய வாசிப்பால் என் நம்பிக்கையில் ஏற்பட்ட மாற்றம்.

மாணவ நண்பர்களுக்கு

பிற சமய நூலை வாசிக்க விரும்பும் நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்காமல் முழு அதிகாரத்தையும் படியுங்கள். இயன்றால் இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். அச்சமயத்தைச் சார்ந்த ஒருவரிடம், வாதிடுவதற்காக அன்றி, அறிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். உடன்படாத இடங்களையும் மறைக்காமல் குறித்து வையுங்கள்.

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "யாருமே பாவம் பண்ணலன்னா சொன்னாரு?" என்று இருமுறை கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

தம்பிக்குச் சைகை மொழியில் சொன்னேன். பார்வை பெற்றவனை அண்டை வீட்டாரும் சமயத் தலைவர்களும் மாறி மாறி விசாரித்ததையும், பயந்துபோன பெற்றோர், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கியதையும் விவரித்தேன். இறுதிவரை கவனித்த தம்பி, "அவன் பெயர் என்ன?" என்று சைகை செய்தான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு வசனங்களிலும் அவனுக்குப் பெயரே இல்லை. இத்தனை பேர் அவனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்; எனக்கும் அவன் பெயரைத் தேடத் தோன்றவில்லை.

அடுத்தவரின் மறைநூல் நம் நம்பிக்கையைக் கெடுக்கும் என்று இனியும் நான் அஞ்சமாட்டேன். எவற்றைக் கேட்காமலேயே நம்பியிருந்தோம் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகும் நிலைத்து நிற்பதே நம் நம்பிக்கை.