நோவும் துயிலும்

வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்து அம்மலைக்கு இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் செல்கின்றன. ஆயினும், தினையும் சாமையும் விளையும் சரிவுகளில் ஏறியும் இறங்கியும் சுமை தாங்கியும் உழைத்த கால்கள் அங்குள்ள முதியோருடையவை.

முதுமையில் அக்கால்களின் மூட்டுகள் நோகின்றன. எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடிக் காப்பது குருத்தெலும்பு. அது தேயத் தேய மூட்டு விறைக்கும், அசைக்குந்தோறும் வலிக்கும். மலையிலாயினும் சமவெளியிலாயினும் முதியோர் பலரை வருத்தும் நோய் இது.

இரவில் புரண்டு படுக்கையில் முழங்கால் சுரீரென வலிக்க, மூதாட்டி விழித்துக்கொள்கிறாள். மீண்டும் கண்ணயருமுன் கோழி கூவிவிடுகிறது. “நோவால் உறக்கம் போயிற்று” என்கிறாள். அஃது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. உறக்கம் போனதனாலும் நோவு மிகும் என்பது மற்றொரு பாதி.

இவ்வுண்மையைக் காட்டும் ஆய்வொன்று 1975-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனடா நாட்டு மருத்துவர் மால்டாப்ஸ்கியும் அவர்தம் குழுவினரும், உடல்நலமுடைய சிலர் ஆழ்துயிலில் அமிழுந்தோறும் ஒலியெழுப்பி அதனைக் கலைத்தனர். சில இரவுகளுக்குள், நோயேதுமில்லாத அவர்களுக்கும் தசைவலி தோன்றிற்று!

காரணம் யாது? உடலினின்று வரும் வலிச் செய்திகளைத் தணிக்கும் ஆற்றல் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உண்டு. துயில் குறையின் அவ்வாற்றல் குன்றும். காவலன் களைத்தால் கள்வர்க்குக் கொண்டாட்டமன்றோ? அவ்வாறே சிறுநோவும் பெருநோவாகும். மேலும், துயிலாதவள் மறுநாள் சோர்ந்து நடை குறைப்பாள், தொடைத்தசை மெலியும், மூட்டு பின்னும் நோகும்.

ஆகவே நோவுக்கு மருந்து தேடுவோர் துயிலையும் பேணல் வேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில் எழுதல், பகலில் இயன்ற அளவு நடத்தல், நெடும் பகலுறக்கம் தவிர்த்தல், மாலைக்குப்பின் காப்பியும் தேநீரும் விலக்கல் ஆகியன நற்பழக்கங்கள். உறக்க மாத்திரையைத் தாமே வாங்கி உண்ணல் தகாது. அதன் மயக்கத்தில் முதியோர் விழுந்து எலும்பு முறிதலும் உண்டு.

மாணவர்களே! “இரவெல்லாம் உறக்கமில்லை” என்று பாட்டி சொல்லுங்கால், முதுமையின் இயல்பு எனத் தள்ளிவிடாதீர். மருத்துவரிடம் அழைத்துச் சென்று, முழங்காலைக் காட்டுவதோடு, உறங்காத இரவுகளையும் எடுத்துச் சொல்லுங்கள். நம்மைத் தாலாட்டித் துயிற்றியவர்தம் துயிலைக் காத்தல் நம் கடனாகும்.