குழந்தையின் தோலில் உடனடிப் பசை ஒட்டிக்கொண்டால்

அறுந்த செருப்பு, உடைந்த பொம்மை, கைப்பிடி கழன்ற கோப்பை ஆகியவற்றை நொடியில் ஒட்டுவதற்காகப் பெரும்பாலான வீடுகளில் வலிமையான பசைக் குப்பி ஒன்று இருக்கிறது. பெட்டிக்கடையிலும் எளிதில் கிடைக்கும் இப்பசையை 'ஃபெவிக்விக்' என்றோ 'சூப்பர் க்ளூ' என்றோ மக்கள் வழங்குகின்றனர். இக்குப்பி குழந்தையின் கைக்கு எட்டும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொள்வதும், கன்னத்தோடு கை ஒட்டிக்கொள்வதும் நேர்கின்றன. அவ்வேளையில் குழந்தையின் அழுகையைக் கண்டு பெரியவர்கள் பதறி இழுத்துவிடுகின்றனர். பசையால் விளையும் தீங்கைவிட அந்த இழுப்பினால் விளையும் தோல் கிழிவே பெரிது. எனவே, இப்பசையின் இயல்பையும் அதனைப் பிரிக்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

பசையின் இயல்பு

இப்பசையின் மூலப்பொருள் சயனோஅக்ரிலேட் எனப்படும் வேதிப்பொருளாகும். 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவர், தெளிவான நெகிழிப் பொருளைத் தேடியபோது இதனை எதிர்கொண்டார். தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது அது ஒதுக்கப்பட்டது. பின்னர் 1958இல் பசையாகவே விற்பனைக்கு வந்தது.

மற்றப் பசைகள் காற்றில் உலர்ந்து இறுகுகின்றன. இதுவோ ஈரம் பட்டவுடன் இறுகுகிறது. நம் தோலில் எப்போதும் மெல்லிய ஈரம் இருப்பதால், மரத்தைவிடத் தோலை இது விரைவாகப் பற்றிக்கொள்கிறது. ஆயினும், நமக்கு நன்மையான செய்தி ஒன்று உண்டு. பசை பற்றிக்கொள்வது தோலின் மேற்புறத்தில் உள்ள இறந்த செல்களையே ஆகும். அச்செல்கள் நாள்தோறும் உதிர்கின்றன. ஆகவே நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும், சில நாட்களில் பசை தானாகவே உதிர்ந்துவிடும். 'அவசரப்படத் தேவையில்லை' என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

தோலில் ஒட்டியிருந்தால் செய்ய வேண்டியவை

1. முதலில் குழந்தையை மடியில் அமர்த்தி அமைதிப்படுத்துங்கள். பசை படாத கையை மென்மையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அக்கை கண்ணையோ வாயையோ தேய்க்கக்கூடும்.

2. இன்னும் உலராத பசை தோலின்மேல் நின்றால், அதனைப் பஞ்சினாலோ பருத்தித் துணியினாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் இப்பசை ஊறும்போது வெப்பம் உண்டாகித் தோல் சுடக்கூடும். நீரை ஊற்றிக் கழுவுங்கள்.

3. ஒட்டிய பகுதியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் ஊற வையுங்கள். நீரின் சூட்டை முதலில் உங்கள் முழங்கையின் உட்புறத்தால் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஆறினால் மாற்றிக்கொள்ளலாம்.

4. பிறகு தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ பசையின் ஓரங்களில் தடவி, விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். எண்ணெய் ஓரத்தில் நுழைந்து பிடிப்பைத் தளர்த்தும்.

5. இரு விரல்கள் ஒட்டியிருந்தால் அவற்றை நேராக எதிரெதிர்த் திசையில் இழுக்கலாகாது. ஒட்டாத முனையிலிருந்து தொடங்கி, ஒரு விரலை மற்றதன்மேல் உருட்டுவது போல அசைத்துச் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். மழுங்கிய கரண்டிக் காம்பை எண்ணெயில் தோய்த்து இடையில் செலுத்துவதும் உதவும்.

6. குழந்தை வலிக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் ஊற வைத்துச் சில மணி நேரம் கழித்துத் தொடருங்கள். ஒரே முறையில் முழுவதையும் அகற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

7. பசை அகன்ற பின் தோலை நீரால் கழுவி ஒற்றி உலர்த்தி, வாசலைன் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சிறிய சிவப்பு ஓரிரு நாட்களில் மறையும்.

நகப்பூச்சு நீக்கியைப் பயன்படுத்தலாமா?

நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் உள்ள அசிட்டோன், உலர்ந்த பசையை மென்மையாக்கும் என்பது உண்மையே. பெரியவர்களின் கைவிரலில் இதனைப் பயன்படுத்துவது வழக்கம். ஆனால் குழந்தையின் தோல் மெல்லியது. அசிட்டோன் அதனை உலர்த்தி எரிச்சல் உண்டாக்கும். அதன் ஆவியும் மூச்சை உறுத்தும். எனவே, கைக்குழந்தைகளுக்கு இதனைப் பயன்படுத்த வேண்டாம். வளர்ந்த குழந்தைகளுக்கும் சோப்பு நீரும் எண்ணெயும் பயனளிக்காத நிலையில், மருத்துவரிடம் கேட்ட பின்னரே கைவிரல், உள்ளங்கை ஆகிய இடங்களில் மட்டும் சிறிதளவு தடவி உடனே கழுவ வேண்டும். கண், உதடு, மூக்கு, பிறப்புறுப்பு, புண்பட்ட தோல் ஆகியவற்றின் அருகே ஒருபோதும் கொண்டு செல்லக் கூடாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் பொருள். எரியும் அடுப்போ விளக்கோ உள்ள அறையில் அதன் மூடியைத் திறக்காதீர்கள்.

கண்ணில் பட்டால்

எல்லாவற்றிலும் கவனத்திற்குரியது இதுவே. சொட்டு மருந்துக் குப்பியும் பசைக் குப்பியும் உருவில் ஒத்திருப்பதால், மருந்து என்று எண்ணிப் பசையையே கண்ணில் விட்டுவிடும் விபத்துகள் உலகெங்கும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பசை பட்டவுடன் வெதுவெதுப்பான சுத்தமான நீரை மெல்லிய ஓட்டமாக ஊற்றிச் சில நிமிடங்கள் கழுவுங்கள். இமைகள் ஒட்டியிருந்தால் அவற்றைத் திறக்க முயலாதீர்கள். எண்ணெய், சோப்பு, அசிட்டோன் எதுவும் கூடாது. ஈரத் துணியை இமைமேல் தளர்வாக வைத்து, அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலும் இமைகள் சில நாட்களுக்குள் தாமாகவே பிரிந்துவிடும். ஆயினும் உலர்ந்த பசைத் துணுக்கு கருவிழியைக் கீறியிருக்கக்கூடும். அதனை மருத்துவர் சாயச் சொட்டு இட்டுப் பரிசோதித்து அறிவார். தேவைப்பட்டால் ஒட்டிய இமைமயிரைக் கத்தரித்துப் பிரிப்பார். இவ்வேலை வீட்டில் செய்யத்தக்கதன்று.

உதட்டிலும் வாயிலும் பட்டால்

உதடுகள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் ஒற்றுங்கள். உட்புறத்திலிருந்து உமிழ்நீரால் நனைக்குமாறு வளர்ந்த குழந்தையிடம் கூறலாம். பொதுவாக ஓரிரு நாட்களில் பிரியும். வாய்க்குள் சென்ற பசை உமிழ்நீரால் உடனே கெட்டியாகிவிடுவதால் அதனை விழுங்குவது அரிது. கெட்டியான பசை நச்சாகச் செயல்படுவதும் அரிது. அச்சத்திற்குரியது, பல்லிலோ நாக்கிலோ ஒட்டிய துண்டு கழன்று மூச்சுக்குழலுக்குள் நுழைவதே. ஆகவே குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து அமர வைத்து மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுத் திணறலோ தொடர் இருமலோ காணப்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.

ஆடையில் ஊறினால்

குப்பி உடைந்து பருத்திச் சட்டையிலோ காற்சட்டையிலோ பசை ஊறினால், உண்டாகும் வெப்பத்தால் தோல் வெந்து தீக்காயம் ஏற்படலாம். உடனே குளிர்ந்த நீரை மிகுதியாக ஊற்றுங்கள். தோலில் ஒட்டாத துணியைக் கத்தரியால் வெட்டி அகற்றி, ஒட்டிய துணியை அப்படியே விட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

• பிளேடு, கத்தி, ஊசி கொண்டு சுரண்டுவது.
• பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் தடவுவது. இவை தோலைப் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் குழந்தையின் வாய்க்குள் சென்று நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.
• கொதிநீரில் தோய்ப்பது.
• பசையை நகத்தால் பிய்த்து எடுப்பது.

பிற பசைகள்

வெண்ணிறத் தச்சுப் பசை நீரில் கரையும். சோப்பும் நீருமே போதும். எலியைப் பிடிக்கும் ஒட்டும் அட்டையில் குழந்தையின் கை சிக்கினால் சமையல் எண்ணெயைத் தடவி மெதுவாகப் பிரித்து, பின் சோப்பால் கழுவுங்கள். பள்ளிக் கைவேலைக்குப் பயன்படும் சூடான பசைத் துப்பாக்கியால் விளைவது தீக்காயமாகும். அப்பசையைப் பிய்க்காமல், 20 நிமிடங்கள் ஓடும் குழாய் நீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

பசை கண்ணிலோ, காதிலோ, மூக்கினுள்ளோ, வாயினுள்ளோ, பிறப்புறுப்பிலோ பட்டால்; தோல் கிழிந்தோ கொப்பளித்தோ இருந்தால்; ஒட்டிய விரல் நீலமாகவோ வெளிறியோ மரத்தோ போனால்; இரண்டு நாட்களுக்குப் பின்னும் விரல்கள் பிரியாவிட்டால்; சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் தோன்றினால் தாமதிக்க வேண்டாம். வரும்போது பசைக் குப்பியையும் உடன் எடுத்து வாருங்கள். எந்தப் பசை என்று அறிவது சிகிச்சையை எளிதாக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் ஓர் ஐயம்

"மருத்துவமனையில் காயத்தைப் பசையால் ஒட்டுகிறார்களே, வீட்டுப் பசையால் நாமும் ஒட்டலாமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். கூடாது. மருத்துவப் பசையும் சயனோஅக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது வேறு வகை, கிருமி நீக்கப்பட்டது, திசுவை மிகுதியாக உறுத்தாதது. அவ்வகையில் ஒன்றுக்கு 1998இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. வீட்டுப் பசையோ மிகுந்த வெப்பத்தை உண்டாக்கித் திசுவைப் புண்படுத்தும். காயத்தில் உள்ள அழுக்கையும் உள்ளேயே அடைத்துவிடும்.

வருமுன் காத்தல்

பசையை மருந்துப் பெட்டியிலும் குளிர்சாதனப் பெட்டியின் மருந்துத் தட்டிலும் வைக்காதீர்கள். பூட்டிய அலமாரியின் மேல்தட்டில் தனியே வையுங்கள். கண்ணுக்கு மருந்து விடும் ஒவ்வொரு முறையும் குப்பியின் பெயரை வெளிச்சத்தில் படித்த பின்னரே மூடியைத் திறவுங்கள். பார்வை குறைந்த தாத்தா பாட்டியரிடம் இவ்வேலையைத் தனியே விடாதீர்கள். ஒட்டும் வேலையைக் குழந்தை உறங்கும்போது, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மிஞ்சிய குப்பியை மேசைமேல் விட்டு எழாதீர்கள்.

குழந்தையின் விரல்கள் ஒட்டிக்கொண்டால், நீர், சோப்பு, எண்ணெய், பொறுமை ஆகிய நான்கும் பெரும்பாலும் போதும். கண்ணும் மூச்சும் தொடர்புடையவை எனில் மட்டும் ஒரு நொடியும் காத்திராமல் எங்களிடம் வாருங்கள். இப்பக்கத்தைக் கத்தரித்து, வீட்டில் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.