ரிஜிஸ்டரில் உன் பேர் இருக்கா தங்கச்சி?

புளியறையில் காலை பஸ்ஸைப் பிடித்து செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ வேலைக்கு ஓடுகிற தங்கச்சிகளுக்குத்தான் இந்த டிப்ஸ். ஜவுளிக்கடை, லாட்ஜ், ஹோட்டல், சிப்ஸ் கடை எதுவானாலும் சரி. வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்கிறவளுக்குக் கை கொடுக்கிற சட்டங்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. ஆனால் தாளில் பேர் இருக்கிறவளுக்குத்தான் அவை கைக்கு எட்டும். அதனால் முதலில் வருகைப் பதிவேட்டில் உன் பேர் இருக்கிறதா, சேர்ந்த தேதி சரியா என்று பார். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, உனக்கு எதுக்கும்மா ரிஜிஸ்டர்?" என்று கேட்கிற முதலாளியிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். பாசம் பி.எஃப். கட்டாது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயமாகியிருக்கிறது. கேட்டு வாங்கு. சம்பளத்தைக் கையில் வாங்காமல் பேங்க் கணக்கில் போடச் சொல். நாளைக்கு "இவ இங்க வேலையே பாக்கல" என்று யாராவது சொன்னால் பாஸ்புக் பேசும்.

இனி பிரசவ விடுப்பு. 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் ஆக்கினார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். புதிய தொகுப்பிலும் இதே கணக்குதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைக்கும் இது பொருந்தும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "ஒரு வருஷம் முடியலையே" என்று யாராவது இழுத்தால் நம்பாதே.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். நம் பக்கம் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள், அதோடு லீவும் ஓட ஆரம்பித்துவிடும். எட்டையும் முன்னால் செலவழித்தால் பிள்ளை பிறந்த பிறகு 18 வாரம்தான் மிஞ்சும். உடம்பு ஒத்துழைத்து, டாக்டரும் சரி என்றால், இரண்டு வாரம் மட்டும் முன்னால் எடு. பிள்ளையோடு இருக்க 24 வாரம் கிடைக்கும். பெரியம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், அது தனிக் கதை.

அந்தக் கடைசி மாதங்களில் நாள் முழுக்க நிற்கச் சொன்னால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. பிரசவத் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முந்தின ஒரு மாதம், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ தரக்கூடாது என்று நீ கேட்கலாம். கேட்டால்தான் உண்டு, அவர்களாகத் தர மாட்டார்கள். கரு கலைந்துபோனால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வெளியே சொல்லவே கூச்சப்பட்டு மூன்றாம் நாளே கடைக்கு வந்து நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்லி வை. முதலாளி இலவச மருத்துவக் கவனிப்பு எதுவும் தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. பிரசவ விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை. 50 பேர் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம்.

உன் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து கடை இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், 26 வாரப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தரும், முதலாளி கையிலிருந்து போகாது. பல முதலாளிகளுக்கே இது தெரியாது. தெரிந்தால் பிரசவ லீவு கேட்கும்போது வருகிற மூஞ்சி சுளிப்பில் பாதி குறைந்துவிடும். இ.எஸ்.ஐ.க்கு உன் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பார்.

உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது நமக்கு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் விஜி என்பவரின் 'பெண்கூட்டு' என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து போராடியதன் பலனாக 2018-ல் கேரளம் உட்காரும் உரிமை தந்து கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நம் புளியறை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் கடைப் பெண் உட்காரலாம், இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற நிலைமை மூன்று வருஷம் இருந்தது. 2021-ல் தமிழ்நாடும் அந்த உரிமையைக் கொண்டுவந்தது. கடையில் நாற்காலியோ ஸ்டூலோ இருந்து, மேலே துணிக்கட்டை அடுக்கி வைத்திருந்தால் அது இருக்கை ஆகாது, இறக்கி வைக்கச் சொல்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சீசன், ஐயப்பன்மார் வந்தால் இன்னொரு சீசன். ரெண்டிலும் "லீவு கெடையாது, நேரம் பாக்காத" என்பார்கள். கடைகள் சட்டப்படி வேலை நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இருபத்துநாலு மணி நேரமும் திறக்க அனுமதி பெற்ற கடைகளிலும் பெண்களைச் சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. வைத்திருக்க வேண்டுமானால் உன் எழுத்துச் சம்மதமும் வண்டி ஏற்பாடும் வேண்டும். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு பில் போடுகிறவளுக்கு இதன் அருமை புரியும். இந்த எட்டு மணி நேரமும் சும்மா நிலைத்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வெடித்ததால்தான் மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது.

வருஷம் முடிந்தால் 12 நாள் சம்பள விடுப்பு. தவிர, தற்செயல் விடுப்பு 12, நோய்க்கு 12, தேசிய, பண்டிகை விடுமுறை ஒன்பது நாள். ஒரு காலண்டரில் குறித்துப் பிள்ளையின் பரீட்சைக்கும் மாமனார் கண் ஆபரேஷனுக்கும் இப்போதே ஒதுக்கு. உன் வீட்டுக்காரரின் காலண்டரையும் கூடவே எடு. தனியார் வேலையில் அப்பாவுக்கென்று பிரசவ விடுப்பு நம் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய யூனியன் 2019-ல் போட்ட சட்டத்தில் அப்பாவுக்குப் பத்து வேலை நாளும், உடம்பு முடியாத உறவினரைக் கவனிக்க வருஷத்துக்கு ஐந்து நாளும் உண்டு. இங்கே வரும்வரை அவருடைய தற்செயல் விடுப்பில் கொஞ்சத்தைக் கோயில் கொடைக்குப் போகாமல் காப்பாற்றி வைப்பது உன் சாமர்த்தியம்.

கடையம், ஆலங்குளம் பக்கம் கட்டிக்கொண்டு போய் வீட்டில் பீடி சுற்றுகிற தங்கச்சிகளே, நீங்களும் சட்டப்படி தொழிலாளிகள்தான். 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் சுற்றுகிறவருக்கும் மகப்பேறு நலனைக் கொடுத்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், மாமியார் பேரில் பீடித் தொழிலாளர் கார்டு, சுற்றுவது மருமகள். அறுபது வயது மாமியாருக்கு யார் பிரசவப் பணம் தருவார்கள்? உன் பேரில் தனிக் கார்டு போடு.

கேட்பதை எப்போதும் எழுத்தில் கேள். உன் பேர், டாக்டர் சொன்ன தேதி, எந்த நாளிலிருந்து லீவு, உனக்குப் பதில் பணத்தை யாரிடம் தரலாம், இவ்வளவு போதும். முன்னாடியே கொடுக்க முடியாவிட்டால் பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம். கையில் வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பு. பதில் இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போ. வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்கு போன் பண்ணு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசம், வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.