ஹாலில் ஓர் ஆமைத் தொட்டி!



"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு எங்க பாட்டி அடிக்கடி சொல்வாங்க. போன வருஷம் எங்கள் சித்தப்பா வீட்டுக்குள் ஓர் ஆமை வந்தது. வீடு நல்லாத்தான் இருக்கு. ஆமைதான் இல்லை.

கடையில் வாங்கும்போது அது ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிசு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. "இது இவ்வளவுதான் சார் வளரும்" என்றாராம் கடைக்காரர். ஒரு கண்ணாடிக் கிண்ணம், கலர் கூழாங்கல், பிளாஸ்டிக் தென்னை மரம் எல்லாம் வாங்கி டி.வி. பக்கத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் "அய், அழகா இருக்கே!" என்றார்கள். ஆறு மாதத்தில் அதன் ஓடு மெத்தென்று ஆனது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஒருநாள் காலையில் அது அசையவே இல்லை.

"நான் தினமும் சாப்பாடு போட்டேனே அண்ணா, ஏன் செத்துச்சு?" என்று சித்தப்பா மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. இது யார்?

இதன் பெயர் சிவப்புக் காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. வளர்ந்த ஆமையின் ஓடு 15 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். ஆணைவிடப் பெண் பெரிசு. நன்றாகக் கவனித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். நாம் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அது நம் வீட்டில்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

2. தொட்டி எவ்வளவு பெரிசு?

ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் (2.5 செ.மீ.) சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. 15 செ.மீ. என்றால் 6 அங்குலம். 6 × 40 = 240 லிட்டர். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் சரியாக 240 லிட்டர் வரும். தொட்டியின் உயரம் அதைவிட 10 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏறிக் குதித்துவிடும்!

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியானால் தண்ணீர் மட்டுமே 240 கிலோ, ஏறக்குறைய நாலு பெரியவர்களின் எடை. டி.வி. ஸ்டாண்டு தாங்காது. உறுதியான இரும்பு ஸ்டாண்டு செய்து, மேலே தெர்மாகோல் ஷீட் விரித்து, அதன்மேல் தொட்டியை வைக்க வேண்டும்.

3. வெயில் காயும் மேடை

மீன் போல ஆமை எப்போதும் தண்ணீரில் இருக்காது. முழுதாக மேலே ஏறி உடம்பு காய ஓர் இடம் வேண்டும். பெரிய தட்டைக் கல்லோ மரக்கட்டையோ போதும். அசையாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெப்பம் சுமார் 32 டிகிரி செல்சியஸ், தண்ணீரில் 24 முதல் 28 டிகிரி இருப்பது நல்லது.

இங்கேதான் முக்கியமான அறிவியல் பாடம் இருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள 'யு.வி.பி.' என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் வைட்டமின் டி-3 உருவாகும். அது இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் உடம்பில் சேரும். கால்சியம் சேராவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி யு.வி.பி. கதிரைத் தடுத்துவிடும்! ஆகவே ஜன்னலோரம் வைத்தால் போதாது. தொட்டியும் சூடாகும், பாசியும் பிடிக்கும். ஊர்வனவற்றுக்கான யு.வி.பி. விளக்கைப் பொருத்தி, தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். விளக்கு எரிந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும். அதனால் கம்பெனி சொல்லும் காலத்தில் புது விளக்கு மாற்ற வேண்டும்.

4. தண்ணீரும் தரையும்

ஆமை நிறைய அசுத்தம் செய்யும். கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். தொட்டியின் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீருக்கான ஃபில்டர் போடுவது நல்லது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சின்னக் கூழாங்கல் கூடவே கூடாது, விழுங்கிவிடும். ஆமையின் தலையைவிடப் பெரிய உருண்டைக் கற்களை அடுக்கினால் ஆற்றங்கரை மாதிரியே இருக்கும். பின்கண்ணாடிக்கு வெளியே கருநீலத் தாள் ஒட்டினால் ஹாலே அழகாகிவிடும்.

5. சாப்பாடு

சித்தப்பா வீட்டில் போட்டது வெறும் காய்ந்த இறால். அது மட்டும் போதாது. ஆமைத் தீனி, கீரை, துருவிய கேரட், சிறு மீன் என்று கலந்து கொடுக்க வேண்டும். காய்கறி இல்லாமல் வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கும். கால்சியத்துக்கு ஒரு துண்டு கணவாய் ஓடு மிதக்கவிடலாம். வளர வளரக் கீரையைக் கூட்டுங்கள்.

6. கவனம்!

* ஆமை உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளுக்கு நோய் வந்ததால்தான் 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை போட்டது.
* வளர்ந்ததும் குளத்தில் விடாதீர்கள். நம் ஊர் உயிரினங்களின் உணவையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் ஒன்று.
* நட்சத்திர ஆமை, பால் ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம்.

இப்போது தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டேன்: "நீ சாப்பாடு போட்டேடா. ஆனா வெயிலும் இடமும் நாம யாருமே கொடுக்கல." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இன்னொண்ணு வேணாம்ணா, இவ்வளவும் நம்மால முடியுமான்னு முதல்ல பார்க்கலாம்" என்றான்.

நண்பர்களே, நமக்கு அழகாகத் தெரிவது மட்டும் நல்ல தொட்டி அல்ல. ஆமை நலமாக வாழ்ந்தால்தான் அது அழகுத் தொட்டி!

கணக்குப் போடுங்கள்: ஓடு 20 செ.மீ. நீளமுள்ள ஆமைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? (விடை: 320 லிட்டர்)

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்