ஆழ்கடல் தந்த வெள்ளியும் கடிதங்களும்

நமது விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. எனவே கடலடிப் புதையல் என்றதும் நமக்குக் கதைப் புத்தகங்களே நினைவுக்கு வரும். ஆனால் நம் நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலின் புதையல் உண்மையாகவே வெளியே எடுக்கப்பட்டுள்ளது. அக்கப்பலின் பெயர் கெர்சோப்பா. புவியியலில் நாம் படிக்கும் ஜோக் அருவிக்கும் அப்பெயர் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 டிசம்பரில், வெள்ளிக் கட்டிகள், தேயிலை, இரும்பு, தபால் மூட்டைகள் ஆகியவற்றுடன் அக்கப்பல் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவின் பிரீடவுன் துறைமுகத்திலிருந்து மற்றக் கப்பல்களுடன் கூட்டமாகச் சென்றது. வழியில் நிலக்கரி குறையவே, அயர்லாந்தை நாடித் தனியே பிரிந்தது. 1941 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு இரையாகி மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 86 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். உயிர்ப்படகு ஒன்று 13 நாட்கள் அலைகளோடு போராடி இங்கிலாந்துக் கரையை நெருங்கியது. ஆயினும் பிழைத்தவர் ரிச்சர்ட் அயர்ஸ் என்ற அதிகாரி ஒருவரே.

2011-ல் ஒடிசி என்ற அமெரிக்க நிறுவனம் அக்கப்பலைக் கண்டுபிடித்தது. அது கிடந்த ஆழம் சுமார் 4,700 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான்!

இவ்வளவு ஆழத்தில் தேடுவது எப்படி? நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். மேலிருந்து அனுப்பும் ஒலி அடியைத் தொட்டுத் திரும்ப ஆறு விநாடிக்கு மேலாகும். படமும் தெளிவாக இராது. ஆகவே எதிரொலிக் கருவியை நீண்ட வடத்தில் கட்டி, கடலடிக்கு அருகில் இழுத்துச் செல்கிறார்கள். அங்கே நீரின் அழுத்தம் நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல் 470 மடங்கு இருப்பதால், முக்குளிப்போர் இறங்க முடியாது. விளக்கும் காமிராவும் இயந்திரக் கைகளும் கொண்ட ஆளில்லாக் கருவியே இறங்குகிறது. மேலே கப்பலில் அமர்ந்தபடி அதை இயக்குகிறார்கள்.

இவ்வாறு 2012-ல் 1,218 வெள்ளிக் கட்டிகளும், 2013-ல் 1,574 கட்டிகளும் எடுக்கப்பட்டன. மொத்த எடை ஏறத்தாழ 100 டன். ஒப்பந்தப்படி, செலவு போக மிஞ்சியதில் 80 விழுக்காடு நிறுவனத்திற்கும், மீதி பிரிட்டிஷ் அரசுக்கும் உரியது.

வெள்ளியோடு மற்றொன்றும் கிடைத்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள்! வெளிச்சமும் பிராணவாயுவும் எட்டாத குளிர்ந்த இடத்தில் புதைந்திருந்ததால், காகிதம் மக்கவில்லை. நம் நாட்டிலிருந்து போர்வீரர்களும் மற்றவர்களும் தம் உற்றாருக்கு எழுதியவை அவை. 2018-ல் லண்டன் தபால் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

அன்புத் தோழியரே! இவற்றுள் எது புதையல்? வெள்ளிக்கு விலை உண்டு. போய்ச் சேராத கடிதத்திற்கு என்ன விலை? அந்த மாலுமிகளும் வீட்டில் ஒரு தாயையோ தங்கையையோ விட்டுப் பிழைப்புக்காகக் கடலேறியவர்களே. சிவகாசிப் பகுதியில் பட்டாசு ஆலை விபத்து நேர்ந்தால் செய்தித்தாளில் இறந்தோர் எண்ணிக்கை வரும். நமக்கு அது ஓர் எண். ஒரு வீட்டுக்கோ அது அம்மா, அல்லது அண்ணன். அதுபோலவே 86 என்பதும் வெறும் எண் அன்று. வெள்ளிக் கட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்த இவ்வுலகம், மனிதரையும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் அதற்குக் கற்றுக்கொள்வோம்.