எண்ணிக்கை விடுபட்ட 31 ஆண்டுகள்

கடல் வணிகத்தை நம்பி வாழ்ந்த வெனிஸ் குடியரசில், 1630-31 கொள்ளைநோய் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. சுகாதார அதிகாரிகள் இறப்புகளைப் பதிந்து வைத்ததால் அந்த இழப்பை இன்றும் எண்ணிப் பார்க்க முடிகிறது.

எங்கள் திருகோணமலையும் துறைமுக மாவட்டம்தான். 1981 தொகைமதிப்பில் இங்கே சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். நடுவில் முழுமையான தொகைமதிப்பே இல்லை. 1991இல் யுத்தத்தால் நாடெங்கும் தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் மாவட்டம் முழுவதையும் எண்ண முடியவில்லை. ஆகவே எவ்வளவு கூடியது என்று தெரிகிறது. எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், 2004 சுனாமி எத்தனை பேரைக் குறைத்தது என்பதெல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் மறைந்து கிடக்கிறது.

புல்மோட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்குக் கரை மீனவர்கள் பருவத்துக்கு வந்து வாடி போடுவார்கள், மாரி தொடங்க முன் போய்விடுவார்கள். மார்ச்சில் பார்க்கும் ஊர் வேறு, ஓகஸ்டில் பார்க்கும் ஊர் வேறு.

உம்மா பிறந்தது 1983இல். 2001இல் யாரும் எண்ண வந்ததாக உம்மாவுக்கு நினைவில்லை. 2012 மார்ச்சில் கணக்கெடுப்பாளர் வந்தபோது எனக்கு ஐந்து வயது. உம்மாவையும் என்னையும் ஒரே படிவத்தில், ஒரே நாளில், முதன்முதலாக எழுதிக்கொண்டு போனார்.