வீட்டோடு வந்த குடித்தனம்

அப்பாவுக்குப் பிறகு கிள்ளையில் உள்ள ஓட்டு வீடு என் பெயருக்கு வந்தது. பல வருடமாக அதில் குடியிருக்கும் வயதான தம்பதியும் வீட்டோடு வந்தார்கள். வாடகை மாதம் தவறாது. ஆனால் உள்ளே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். பழைய வலை, மிதவை, தெர்மாகோல் பெட்டி, எண்ணெய் கேன், சாக்கு மூட்டை. "காலி பண்ணச் சொல்லு" என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் முதலில் பேசிப் பார்த்தேன்.

"குப்பைன்னு சொல்லாதீங்க தம்பி. சுனாமியில கட்டுன துணியோட வந்தவங்க நாங்க. இதெல்லாம் அதுக்கப்புறம் சேர்த்தது" என்றார் பெரியம்மா.

2004 டிசம்பர் 26 காலையில், பிச்சாவரத்துக்குக் கிழக்கே கடலோரம் இருந்த அவர்கள் ஊரான எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. சுரபுன்னைக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது. காட்டுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு மறைப்பு ஏது? 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தது. இரண்டையும் பார்த்தவருக்கு ஒரு கேனைத் தூக்கிப்போட மனம் வராததைப் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொருளை விடுவதே ஒருவருக்குப் பெரும் வேதனையாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

சட்டமும் அவசரப்பட விடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வீட்டைப் பார்க்கப் போவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியேற்றுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

எது ஆபத்து, எது வெறும் அடைசல் என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் நைலான் வலை இருந்தால் அது ஆபத்து. மீட்டர் பலகையை மறைக்கும் மூட்டையும், வாரையில் தொங்கும் பாரமும், கொல்லையில் மழைநீர் தேங்கிக் கொசு வளர்க்கும் கேன்களும் அப்படித்தான். மூலையில் அடுக்கிய துணி மூட்டையால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்பு ஆபத்தானவற்றை மட்டும் எடுத்தோம். எதையும் நான் தொடவில்லை. பெரியவர் எடுத்துக் கொடுத்ததைத்தான் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டார். காசு பெரியவர் கைக்கே போனது. நல்ல வலைகளுக்குக் கொல்லையில் என் செலவில் சிமென்ட் ஷீட் கொட்டகை போட்டேன். தகரம் வேண்டாம், இங்கே உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும்.

பிறகு, அப்பா வாய்ப்பேச்சாக விட்டதை ஒப்பந்தமாக எழுதி வாடகை அதிகார அலுவலரிடம் பதிந்தோம். 'வீட்டைச் சுத்தமாக வைக்க வேண்டும்' என்று எழுதினால் நாளைக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் சொல்வோம். அதனால் வாசலிலிருந்து பின்கதவு வரை நடைவழி, மீட்டருக்கு முன் மூன்றடி இடம், அடுப்பைச் சுற்றி எரியும் பொருள் கூடாது என்று அளவோடு எழுதினோம். வருடத்துக்கு ஒருமுறை ஆசாரி வந்து வாரைகளில் கரையான் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் உண்டு. அந்தக் கூலி என் பொறுப்பு.